தாழக் கட்டினால் எட்டும்: மலைநாட்டுக்கு ஏற்ற வானொலிக் கம்பி

பசறை, லுணுகலை, பூனாகலை என்று ஊவா மலைகளில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும், சிக்னல் எங்கே கிடைக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோயிலடிப் பாறையில் கிடைக்கும், ஸ்டோருக்கு மேலே ரோட்டு வளைவில் கிடைக்கும். கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகனோடு பேச, அம்மா கைபேசியை எடுத்துக்கொண்டு அந்த வளைவுக்கு நடப்பார். நாலு அடி தள்ளி நின்றால் பேச்சு அறுந்துவிடும். கோபுரத்துக்கும் கைபேசிக்கும் நடுவில் மலை நிற்கிறது.

இது நல்ல நாளில் நடப்பது. மழை பிடித்துக்கொண்டால் முதலில் கரண்ட் போகும். சில மணி நேரத்தில் கோபுரத்தின் பேட்டரி இறங்கும். பிறகு எங்காவது மண் சரிந்து பாதையும் மூடும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் முழுவதும் சரிவுகளைக் கண்டது. இப்படிப்பட்ட வேளையில் ஒரு தோட்டத்துக்கு உடனடியாகத் தேவைப்படுவது செய்தி. யார் எங்கே சிக்கியிருக்கிறார்கள், எந்தப் பாதை திறந்திருக்கிறது, எத்தனை பேருக்கு மருந்து வேண்டும் என்று வெளியே சொல்ல ஒரு வழி வேண்டும்.

கோபுரமும் கேபிளும் இல்லாமல், பதுளையிலிருந்து கொழும்போடும் மட்டக்களப்போடும் யாழ்ப்பாணத்தோடும் நேராகப் பேசக்கூடிய வானொலி ஒன்று இருக்கிறது. அதுதான் ஹாம் வானொலி. அதற்கு வேண்டியவை ஒரு சிறிய பெட்டி, ஒரு வாகன பேட்டரி, ஒரு நீளக் கம்பி. அந்தக் கம்பியை மலையுச்சிக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. கூரை உயரத்தில், பள்ளத்தாக்கின் அடியில் கட்டினாலும் போதும். தாழக் கட்டிய கம்பி எப்படி மலையைத் தாண்டுகிறது என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

ஹாம் என்பவர் யார்?

வியாபாரத்துக்காக அல்லாமல், கற்றுக்கொள்ளவும் பரிசோதிக்கவும் ஒருவரோடொருவர் பேசவும் வானொலி வைத்திருக்க அரசாங்கத்திடம் அனுமதிப்பத்திரம் பெற்றவரை ‘அமெச்சூர் ரேடியோ’ இயக்குநர் என்பார்கள். சுருக்கமாக ‘ஹாம்’. இலங்கையில் அந்த அனுமதியைத் தருவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. பரீட்சையில் தேறியவருக்கு ஓர் அழைப்புக்குறி கிடைக்கும். உலகில் வேறு யாருக்கும் அந்தக் குறி இருக்காது. இலங்கை ஹாம்களின் குறி பெரும்பாலும் 4எஸ்7 என்று தொடங்கும். பிரித்தானியர் காலத்தில் அது விஎஸ்7 என்று இருந்தது.

இந்த நாட்டில் வானொலியே ஆர்வலர்களின் கையில் பிறந்ததுதான். தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் 1920களில் கொழும்பில் பரிசோதனை ஒலிபரப்புகளை நடத்தினார். முதல் மகா யுத்தத்தில் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்களை வைத்து அவருடைய குழு ஒலிபரப்புக் கருவியைச் செய்தது. 1925 டிசம்பர் 16 அன்று கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. பின்னாளில் தோட்டத்து இஸ்தோப்புகளில் தமிழ்ப் பாட்டாக ஒலித்தது அந்த வேரிலிருந்து வந்த குரல்.

தாழ்ந்த பட்டை என்றால் என்ன?

வானொலி அலை ஒரு செக்கனில் எத்தனை முறை அதிர்கிறது என்பதை மீடிறன் என்கிறோம். மீடிறன் கூடினால் அலையின் நீளம் குறையும். எஃப்எம் வானொலியின் அலை ஏறக்குறைய 3 மீட்டர் நீளம். கைபேசி அலைகள் அதைவிடக் குட்டை. இத்தகைய குட்டை அலைகள் டோர்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். குறுக்கே மலை வந்தால் அதோடு சரி. அதனால்தான் தொலைக்காட்சிக் கோபுரத்தை 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலை உச்சியில் நிறுத்தினார்கள்.

ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசைப் பட்டைகளில் மீடிறன் குறைந்தவற்றுள் மூன்றை இங்கே தாழ்ந்த பட்டைகள் என்று சொல்லலாம். 1.8 மெகாஹேர்ட்ஸில் தொடங்கும் 160 மீட்டர், 3.5இல் தொடங்கும் 80 மீட்டர், 7இல் தொடங்கும் 40 மீட்டர் ஆகியவையே அவை. மீட்டர் எண்ணிக்கை அலையின் நீளத்தைக் குறிக்கிறது. பழைய ரேடியோப் பெட்டியில் மத்திய அலை முடியும் இடத்துக்கு அருகே 160 மீட்டர் தொடங்கும். சிற்றலையில் 41 மீட்டர் ஒலிபரப்பு நிலையங்களுக்குப் பக்கத்து வீட்டில் 40 மீட்டர் ஹாம்கள் இருக்கிறார்கள்.

இந்த நீண்ட அலைகளுக்கு ஒரு குணம் உண்டு. வானத்தில் எறிந்தால் திரும்பி வரும்.

மேலே எறிந்து கீழே பிடிப்பது

பூமிக்கு மேலே ஏறத்தாழ 60 கிலோமீட்டரிலிருந்து பல நூறு கிலோமீட்டர்வரை, சூரியனின் கதிர்கள் காற்றின் அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிரித்துவிடுகின்றன. மின்னேற்றம் கொண்ட இந்தப் பகுதியே அயனமண்டலம். சுமார் 250 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள எஃப் அடுக்கு, தாழ்ந்த மீடிறன் அலைகளை வளைத்துத் திரும்பவும் தரைக்கு அனுப்புகிறது.

நடுச்சுவர் கூரைவரை எழும்பாத ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். டோர்ச்சைச் சுவரை நோக்கிப் பிடித்தால் அடுத்த அறை இருட்டாகவே இருக்கும். அதே டோர்ச்சைக் கூரைத் தகரத்தை நோக்கி நேரே மேலே பிடித்தால், அங்கே பட்டுச் சிதறும் வெளிச்சம் இரண்டு அறையிலும் விழும். நமக்கு நடுச்சுவர் நமுனுகுலை மலை. கூரைத் தகரம் அயனமண்டலம்.

ஹாம்கள் சாதாரணமாக இதற்கு நேர்மாறாகச் செய்ய ஆசைப்படுவார்கள். ஐரோப்பாவோடோ ஜப்பானோடோ பேச வேண்டுமென்றால் அலை அடிவானத்தை ஒட்டிச் சரிவாகப் புறப்பட வேண்டும். அதற்கு அன்டனா உயரமாக இருக்க வேண்டும். பக்கத்து மாவட்டத்தோடு பேச அந்தச் சரிவு உதவாது. முதலில் மலையில் முட்டும். மலையைத் தப்பிய அலையும் பல நூறு கிலோமீட்டர் தாண்டித்தான் தரையில் இறங்கும். இடையில் இருக்கும் ஊர்களுக்கு ஒன்றும் கேட்காது. அந்த ஊமைப் பகுதியைத் தாவல் வலயம் என்று சொல்லலாம்.

அலையை ஏறக்குறைய செங்குத்தாக அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை. மேலே போனது சுற்றிலும் 300, 400 கிலோமீட்டர்வரை மழை மாதிரி இறங்கும். இங்கேதான் இலங்கையின் அளவு நமக்குக் கைகொடுக்கிறது. வடக்கு முனையிலிருந்து தெற்கு முனைவரை தீவின் நீளம் ஏறத்தாழ 430 கிலோமீட்டர். பதுளையிலிருந்து நேர்கோட்டில் கொழும்பு சுமார் 135 கிலோமீட்டர். மட்டக்களப்பும் ஹம்பாந்தோட்டையும் ஏறக்குறைய நூறு நூறு. யாழ்ப்பாணம் 320க்குள். எஃப் அடுக்கு 300 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால், பதுளையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போகும் அலை 60 பாகைக்கும் மேலான கோணத்தில் எழும்ப வேண்டும். கொழும்புக்கு அதைவிடச் செங்குத்து. அந்தக் கோணத்தை மறைக்கும் மலை ஊவாவில் இல்லை. பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் லயத்துக்கும் தலைக்கு மேலே வானம் திறந்தே இருக்கிறது.

தாழ்வான கம்பி ஏன் மேலே அனுப்புகிறது?

படுக்கையாகக் கட்டிய கம்பியிலிருந்து அலை மேலேயும் போகும், கீழேயும் போகும். கீழே போனது நிலத்தில் பட்டுத் திரும்பும்போது தலைகீழாகிவிடும். கம்பி நிலத்திலிருந்து அலைநீளத்தில் கால்வாசி உயரத்தில் இருந்தால், திரும்பி வந்த அலையும் மேலே கிளம்பும் புதிய அலையும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் தள்ளும். ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளுவது போல அவை ஒன்றையொன்று பெருக்கி, பலம் முழுவதும் வானத்தை நோக்கித் திரும்புகிறது. கம்பியை அரை அலைநீள உயரத்துக்கு ஏற்றினால் கதை மாறும். நேர் மேலே இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பலம் பக்கவாட்டில் 30 பாகை அளவில் சரிந்துவிடும்.

40 மீட்டர் பட்டையில் கால் அலைநீளம் என்பது சுமார் 35 அடி. அதைவிடத் தாழ்வான 15 முதல் 25 அடி உயரமே நன்றாக வேலை செய்யும். இன்னும் தாழ்ந்தால் நிலம் கொஞ்சம் பலத்தைத் தின்னும், ஆனால் பேச்சு நிற்காது. 80 மீட்டருக்கு 25 அடி கிடைத்தால் நல்லது. தேயிலை மலையின் சவுக்கு மரக் கிளைக்கு இந்த உயரம் எளிது.

பகலுக்கு நாற்பது, இரவுக்கு எண்பது

பகலும் இரவும் அலையின் போக்கை மாற்றும் என்பது வயதானவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். பகலில் கேட்காத திருச்சி வானொலி, பொழுது சாய்ந்ததும் மத்திய அலையில் தெளிவாக வரும். காரணம் டி அடுக்கு. அயனமண்டலத்தின் அடித்தளமான அது பகலில் மட்டும் உருவாகி, தாழ்ந்த மீடிறன்களைப் பஞ்சு மாதிரி உறிஞ்சும். மீடிறன் பாதியானால் உறிஞ்சல் ஏறத்தாழ நான்கு மடங்காகும். அதனால் நடுப்பகலில் 160 மீட்டரும் 80 மீட்டரும் அடங்கிக் கிடக்கும். 40 மீட்டர் தப்பிப் போகும். சூரியன் இறங்கியதும் டி அடுக்கு கரைந்து, 80 மீட்டர் உயிர்பெறும்.

அப்படியானால் இரவிலும் 40 மீட்டரிலேயே இருந்துவிடலாமே என்று கேட்கலாம். இரவில் எஃப் அடுக்கும் மெலியும். ஓர் அளவுக்கு மேல் மெலிந்தால், நேரே மேலே வந்த 7 மெகாஹேர்ட்ஸ் அலையைத் திருப்ப அதற்கு வலு இராது. அலை அதைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். சரிவாக வந்த அலை மட்டும் திரும்பும். அந்த நேரத்தில் பண்டாரவளையிலிருந்து பேசுபவருக்குக் கொழும்பு மறைந்து, சுமார் 700 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சென்னை பலமாகக் கேட்கலாம். பக்கத்து ஊர் மறைந்து தூரத்து ஊர் கேட்கத் தொடங்கினால், கீழ்ப் பட்டைக்கு இறங்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

நமக்கு ஒரு வசதியும் உண்டு, ஒரு சங்கடமும் உண்டு. காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையையும் இலங்கையையும் ஒட்டிச் செல்கிறது. 1963இல் இந்தியா தன் மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவத் தும்பாவைத் தேர்ந்ததே அந்தக் கோட்டுக்கு அருகில் இருந்ததால்தான். இந்த வட்டாரத்தில் பகலில் எஃப் அடுக்கு திடமாக இருப்பதால், 40 மீட்டர் நேரே மேலே போய்த் திரும்புவது குளிர்நாடுகளைவிட இங்கே நம்பத்தக்கது. சங்கடம் பொழுது சாய்ந்த பிறகு வரும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு சட்டென்று உயர்ந்து கலங்குவதுண்டு. அப்போது குரல் நடுங்கும், கரகரக்கும். சில மணி நேரம் பொறுத்தால் தெளியும்.

சூரியனின் பதினோரு ஆண்டுச் சுழற்சியும் இதில் கை வைக்கும். இப்போதைய சுழற்சி 2024 வாக்கில் உச்சத்தைத் தொட்டது. உச்சம் தணிந்து சூரியப் புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் 40 மீட்டரின் இரவுத் தாவல் அதிகமாகும். 80 மீட்டரின் மதிப்பு அப்போது கூடும்.

கம்பியைக் கட்டுவது

எளியதும் நம்பத்தக்கதுமான அன்டனா இருமுனைக் கம்பி. நடுவில் கேபிள், இரண்டு பக்கமும் சம நீளக் கைகள். மொத்த நீளத்தை மீட்டரில் அறிய 143ஐ மெகாஹேர்ட்ஸால் வகுக்க வேண்டும்.

– 40 மீட்டர் பட்டையில் 7.1 மெகாஹேர்ட்ஸுக்கு: மொத்தம் 20 மீட்டர், ஒரு கை 33 அடி.
– 80 மீட்டர் பட்டையில் 3.6 மெகாஹேர்ட்ஸுக்கு: மொத்தம் 40 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஒரு கை 65 அடி.
– 160 மீட்டர் பட்டையில் 1.84 மெகாஹேர்ட்ஸுக்கு: மொத்தம் 78 மீட்டர்.

பத்தடி அகலக் காம்பராக்கள் பன்னிரண்டு வரிசையாக நிற்கும் லயத்தின் நீளம் 120 அடி. 80 மீட்டர் கம்பி அதைவிடப் பத்தடிதான் கூட. 40 மீட்டர் கம்பிக்கு அதில் பாதி போதும். பட்டணத்து மாடிவீட்டுக்காரருக்கு இவ்வளவு நீளம் கிடைப்பது அரிது. தோட்டத்தில் அது எல்லாப் பக்கமும் இருக்கிறது.

வீட்டு வயரிங்குக்கு வாங்கும் செம்புக் கம்பி போதும். கணக்கைவிட ஒவ்வொரு கையிலும் ஓரடி கூட வைத்து வெட்டுங்கள். நடுவிலும் இரு நுனியிலும் பிவிசி குழாய்த் துண்டைத் துளைத்துக் கோத்தால் அது மின்காப்பாகும். நுனிகளை நைலோன் கயிற்றால் மரத்தில் இழுத்துக் கட்டலாம். இரண்டு மரம் கிடைக்காவிட்டால் நடுவை ஒரு மூங்கிலில் உயர்த்தி, கைகளைக் கூரைச் சரிவு போல இரு பக்கமும் இறக்கலாம். சரிவான நிலத்துக்கு இந்த வடிவம் நன்றாகப் பொருந்தும்.

கட்டியதும் அளவுமானியில் பாருங்கள். கருவிக்கும் அன்டனாவுக்கும் பொருத்தம் எந்த மீடிறனில் நன்றாக இருக்கிறது என்று அது காட்டும். வேண்டிய இடத்துக்குக் கீழே காட்டினால் கம்பி நீளம். இரு பக்கமும் சம அளவில் கொஞ்சங்கொஞ்சமாக மடித்துக் குறையுங்கள். மழையில் நனையும் இணைப்புகளை ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். ஊவாவின் மார்கழி மழையில் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கினால் அன்டனா மெல்ல மெல்லச் செத்துவிடும்.

மூன்று எச்சரிக்கைகள் உயிரோடு சம்பந்தப்பட்டவை. மின்சார லைனுக்கு மேலோ கீழோ அருகிலோ கம்பி போகக்கூடாது. ஒலிபரப்பும்போது கம்பியின் நுனிகளில் உயர்ந்த மின்னழுத்தம் நிற்கும், தொட்டால் சுடும். அதனால் கொழுந்து எடுப்பவர்கள் நடக்கும் தடத்தில், கைக்கெட்டும் உயரத்தில் நுனி தொங்கக்கூடாது. இடி தொடங்குவதற்கு முன் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே வைத்துவிட வேண்டும்.

இரைச்சலோடு வாழ்வது

தாழ்ந்த பட்டைகளில் அனுப்புவதைவிடக் கேட்பது கடினம். மின்னல் எங்கே வெட்டினாலும் அதன் சடசடப்பு இங்கே கேட்கும். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமழை வரும் நாட்களில் 80 மீட்டர் பொரிகிற எண்ணெய்ச் சட்டி போல இருக்கும். மலிவான எல்ஈடி பல்பும் ஃபோன் சார்ஜரும் இன்னொரு வகை இரைச்சலைப் போடும். பட்டணத்து ஹாம்கள் இதோடு தினமும் மல்லுக்கட்டுகிறார்கள். கடைகளும் கட்டடங்களும் நெருங்காத ஒரு தோட்டத்து மேட்டில் அந்த இரைச்சல் வெகுவாகக் குறையும். கரண்ட் போன இரவில் இன்னும் தெளிவாகக் கேட்கும். கையில் பேட்டரி இருப்பவருக்கு அதுவே நல்ல நேரம்.

குரல் எடுபடாத இடத்தில் மோர்ஸ் எடுபடும். பேச்சுக்கு ஏறத்தாழ 2,400 ஹேர்ட்ஸ் அகலம் வேண்டும். மோர்ஸுக்கு 150 அளவு போதும். பலம் அந்தச் சிறு இடத்தில் குவிவதால் ஐந்து வாட்டில் சொன்ன செய்தியும் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போகும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017இல் தந்த எஃப்டி8 என்ற கணினி முறை, காதுக்குக் கேட்காத சமிக்ஞையையும் படித்துக் காட்டும். அன்டனா எங்கெங்கே எட்டுகிறது என்று சோதிக்க அது நல்ல வழி. அவசர வேளையில் நீண்ட செய்தி சொல்லக் குரலும் மோர்ஸுமே உதவும்.

பயன்பட்ட நாள்

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தென்கரையை அடித்தபோது தொலைபேசிகள் செயலிழந்தன. அப்போது இலங்கை ரேடியோ சங்கத்தை வழிநடத்திய விக்டர் குணதிலகவும் அவருடைய தோழர்களும் சிற்றலைக் கருவிகளோடு ஹம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே செய்தி கடத்தினார்கள். அதே நாளில் அந்தமானின் போர்ட் பிளேரில், ஆர்வத்துக்காக வானொலி நிலையம் அமைத்திருந்த இந்திய ஹாம் பாரதி பிரசாத்தின் குழு, அதே கருவிகளைக் கொண்டு தீவின் செய்திகளை வெளியுலகுக்குச் சொன்னது. இரண்டு இடத்திலும் கருவி இருந்தது, அதைவிட முக்கியமாக அதைக் கையாளப் பழகிய கை இருந்தது. வெள்ளம் வந்த பிறகு நீந்தப் பழக முடியாது.

எங்கே தொடங்குவது?

கேட்பதிலிருந்து தொடங்குங்கள். சிற்றலை உள்ள பழைய ரேடியோவில் 7 மெகாஹேர்ட்ஸ் பக்கம் மெதுவாகத் திருப்பினால், வாத்து கத்துவது போன்ற குரல்கள் கேட்கும். அவை ஹாம்களின் ஒற்றைப் பக்கப்பட்டைப் பேச்சு. அதற்கென்ற வசதி உள்ள ரேடியோவில் அதே குரல் மனிதக் குரலாகும். ஆசிய பசிபிக் வட்டாரத்தில் அவசரத் தொடர்புக்கு மையமாகக் குறித்து வைத்திருக்கும் மீடிறன்கள் 7.110, 3.600 மெகாஹேர்ட்ஸ். அவற்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பரீட்சை. ஓமின் விதி, மின்சுற்று, அலை பரவும் விதம், வானொலிச் சட்டம் இவைதான் பாடம். சாதாரண தரத்து விஞ்ஞானத்தை ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு எட்டாதது அதில் ஒன்றுமில்லை. அனுமதிப்பத்திரம் கையில் வராமல் ஒலிபரப்பக்கூடாது. எந்தத் தரத்து அனுமதிக்கு எந்தப் பட்டை என்பதை ஆணைக்குழுவிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புதிய கருவியின் விலை மலைக்க வைக்கும். ஆனால் ஐதராபாத்தைச் சேர்ந்த அஷார் ஃபர்ஹான், சாதாரணப் பாகங்களைக் கொண்டு வீட்டிலேயே செய்யக்கூடிய ‘பிட்எக்ஸ்’ என்ற கருவியை வடிவமைத்து எல்லோருக்கும் திறந்துவிட்டார். சூட்டுக்கோல் பிடிக்கத் தெரிந்த பிள்ளைகள் ஒரு பாடசாலையின் ஆய்வுகூடத்தில் அதைச் செய்துவிடலாம்.

தோட்டத்துக்கு இரண்டு பேர் போதும் என்பது என் எண்ணம். விஞ்ஞான ஆசிரியர் ஒருவர், ஸ்டோரில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் என்று வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் 40 மீட்டரில் பசறையும் ஹப்புத்தளையும் வெலிமடையும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மழை அளவையும் பாதை நிலவரத்தையும் சொல்லிப் பழக வேண்டும். இரவில் ஒருமுறை 80 மீட்டரில் அதையே செய்ய வேண்டும். எந்த மணிக்கு எந்தப் பட்டை திறக்கிறது, எந்தக் கிளையில் கட்டினால் கொழும்பு நன்றாகக் கேட்கிறது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. அந்த மலையில் வாரந்தோறும் கூப்பிட்டுப் பார்த்தவருக்கே அது தெரியும்.

மீரியபெத்தை சரிந்தது ஐப்பசியில். டித்வா வந்தது கார்த்திகையில். மழையின் மாதம் நமக்குத் தெரியும், சரியும் மலைகளும் தெரியும். கம்பியை ஆவணியிலேயே கட்டிவிடலாம்.